ஹைபிரிட் கார்: சொன்ன மைலேஜ் வரவில்லையா?

கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் 2022இல் வந்தபோது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் கணக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. அது ஆய்வகத்தில் ஏசி போடாமல் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். சாலையில் குறையத்தான் செய்யும். உண்மை மைலேஜை அளக்கவும் கூட்டவும் இவற்றைச் செய்யுங்கள்:

1. ஆட்டோ கட் ஆகும்வரை பெட்ரோல் நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். சில நூறு கி.மீ. ஓடியபின் அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். டிஸ்ப்ளே காட்டுவதைவிட இது நம்பகமானது.

2. சிவப்பு சிக்னல் தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். சடாரென மிதித்தால் அந்த ஆற்றல் பிரேக்கில் வெறும் சூடாகப் போகும்.

3. சிக்னலில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். அதில் பேட்டரி சார்ஜ் ஆகாது.

4. சில்லறை வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். ஆறிய எஞ்சின் சூடாகவே பெட்ரோல் செலவாகும்.

5. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.