ஜெபக்கூட்டமா, மாமியாரா?

கேள்வி: ஜெபக்கூட்டம், உபவாசம் எதையும் நான் தவறவிடுவதில்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிப்பதில்லை என்று கணவர் கோபப்படுகிறார். தேவனுக்கு முதலிடம் கொடுப்பது தவறா?

பதில்: தவறில்லை, சகோதரி. ஆனால் மாற்கு 7-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். பக்தியைச் சாக்காக்கிக் கட்டளையை மீறுவது அவர் கணக்கில் கீழ்ப்படிதல் அல்ல. 1691-இல் மறைந்த சகோதரர் லாரன்ஸ், பாரிஸ் கார்மல் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவேதான் ஜெபித்தார். (அந்த வேலை அவருக்குப் பிடிக்கவும் இல்லை!) கஞ்சி ஊட்டும்போதும் நீங்கள் ஜெபிக்கலாம். உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: அவரைப் பெற்றவர் அந்த அம்மா. கோபப்படுவதை விட்டு, வாரத்தில் பாதி நாள் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.