ஆழ்கடல் மணற்கல் படிக்க வரும் கொங்குப் பிள்ளைகளுக்கு

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் ஜியாலஜி எடுத்துப் படிக்கிற தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும், படிவுப் பாறையில் இறங்கும் முன் இவை மனதில் இருக்கட்டும்.

1. நம்மூரில் மணற்கல் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். காங்கேயத்தில் கிணறு வெட்டினாலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி இறங்கினாலும் வருவது நைஸும் சார்னோக்கைட்டும்தான். ஆனால் காவிரிப் படுகையின் மணலுக்கு இந்த வகைப் பழம்பாறைதான் தாய். கோண்டுவானா உடையத் தொடங்கியபோது, ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கே நிலம் பள்ளம் பள்ளமாக இறங்கியது. மேற்கு மேட்டுநிலம் தேய்ந்து அந்தப் பள்ளங்களை நிரப்பியது. வெங்கச்சங்கல், ஃபெல்ட்ஸ்பார், கார்னெட் எல்லாம் உங்கள் தோட்டத்து வரப்பிலேயே கிடக்கின்றன; லென்ஸில் பார்த்துப் பழகுங்கள். பிறகு மணற்கல்லைக் கையில் எடுக்கும்போது அது அந்நியமாகத் தெரியாது.

2. பார்த்ததை முதலில் எழுதுங்கள். பெயர் பிறகு வைக்கலாம். நான் சொல்வதில் இதுதான் முக்கியம்.

1929 நவம்பரில் கனடாவை அடுத்த கிராண்ட் பேங்க்ஸ் கடலடியில் நிலம் நடுங்கியது. தந்திக் கேபிள்கள் மேட்டிலிருந்து ஆழம் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. சேறும் மணலும் கலந்த கலங்கல் வெள்ளம் சரிவில் பாய்ந்ததே காரணம் என்று 1952இல் ஹீசனும் யூயிங்கும் விளக்கினார்கள். அத்தகைய வெள்ளம் விட்டுச்செல்லும் ஐந்து அடுக்கு வரிசையை 1962இல் பௌமா வகுத்தார். அருமையான வேலை. ஆனால் அதற்குப் பிறகு, ஆழ்கடல் மணல் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு ‘டர்பிடைட்’, அதாவது கலங்கல் வெள்ளப் படிவு, என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது.

அதை எதிர்த்து வாதாடியவர் ஜி. சண்முகம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் மோபில் நிறுவனத்தில் பணியாற்றிய தமிழர். பல மணல்கள் கலங்கல் வெள்ளத்தில் மிதந்து வந்து படிந்தவை அல்ல, குழம்பாக வழுக்கி வந்து அப்படியே உறைந்தவை என்றார். எல்லாரும் ஏற்கவில்லை; சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், துளையிட்டு எடுத்த பாறைத்தண்டை, அதாவது ‘கோர்’ மாதிரியை, அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கீழே பருமணல், மேலே போகப்போக நுண்மணல் என்று இருந்தால் வெள்ளம் மெல்லத் தளர்ந்திருக்கிறது. களிக்கட்டிகள் மணலுக்கு நடுவே மிதந்தாற்போல் நின்று, மேல் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் முடிந்தால், அது குழம்பாக வந்து நின்றிருக்கலாம். கிருஷ்ணா கோதாவரிக் கடற்பகுதியின் பிளியோசீன் மணலை அவரும் கூட்டாளிகளும் இப்படித்தான் படித்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

பெயரில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். மணல் எந்த வடிவில் பரவியிருக்கும், அடுத்த கிணற்றை எங்கே போடுவது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தது. அதே கடற்பகுதியில் கேஜி-டி6 தொகுதி 2009 ஏப்ரலில் எரிவாயு தரத் தொடங்கி, மறு ஆண்டே உச்சம் தொட்டு, பிறகு மளமளவென்று சரிந்தது. நிலவியல் சிக்கல் என்றது அதை நடத்திய நிறுவனம். போதுமான கிணறுகள் போடவில்லை என்றது அரசுத் தரப்பு. மண்ணுக்கடியில் இருப்பதைத் தப்பாகக் கணித்தால் எத்தனை கோடி ரூபாய் தொங்கும் என்று அதில் பாருங்கள்.

3. கடலின் ஆழத்தை மணலிடம் கேட்காதீர்கள். இடையிலுள்ள களியிடம் கேளுங்கள். மணல் கரையிலிருந்து சிப்பியையும் மரத்துண்டையும் சேர்த்தே இழுத்து வரும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரம் கடல் படிவில்தான் புதைந்தது. களியில் வாழ்ந்து மடிந்த ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள்தான் ஆழத்துக்கு நம்பகமான சாட்சி.

4. சீஸ்மிக் படத்தில் அழகான விசிறி தெரிந்தால், கோர் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

5. காரை என்ற ஊருக்குப் போய் வாருங்கள். திருச்சி போய், பெரம்பலூர் சாலையில் பாடாலூரில் இறங்கி, ஊட்டத்தூர் வழியாகப் போகலாம். 1860களில் பிளான்ஃபோர்ட் வகுத்த ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் வரிசைகளை அந்த வட்டாரத்தில் நடந்தே பார்க்கலாம். அங்கே வெளியில் தெரிவதில் பெரும்பகுதி ஆழங்குறைந்த கடலுக்கு உரியது. ஆழ்கடல் மணல் கிழக்கே, டெல்டாவுக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் கிடக்கிறது. இருந்தாலும் ஒரு படுகை கரையிலிருந்து எப்படி ஆழ்ந்து போகிறது என்பதைக் கால் அங்கேதான் கற்றுக்கொள்ளும். ஓடைக்கரையில் பெலெம்னைட்டும் அம்மோனைட்டும் கண்ணில் படும். படம் எடுங்கள், அளந்து நோட்டில் குறியுங்கள், எடுத்து வராதீர்கள். வெயில் கடுமையாக இருக்கும். தை, மாசியில் போங்கள், தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள்.