பேறுகாலப் பயிற்சியும் தவக்குலும்

"நம் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போய்ப் பிள்ளை பெற்றார்கள்? தவக்குல் போதாதா?" என்று சில வீடுகளில் கேட்கின்றனர்.

திருக்குர்ஆனின் 19-ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். பிரசவ வேதனையோடு பேரீச்ச மரத்தடியில் இருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு, மரத்தை உலுக்கும்படி ஏவப்பட்டது. உலுக்காமலே கனியை உதிர்க்க வல்ல அல்லாஹு தஆலா, பலவீனமான அந்நேரத்திலும் ஒரு முயற்சியைச் செய்ய வைத்தான். முயற்சி தவக்குலுக்கு முரணன்று என்பதை இதிலிருந்து விளங்குகிறோம்.

வகுப்பில் கற்பிப்பது என்ன? வலியின்போது நிதானமாக மூச்சு விடும் முறை. மெய்வலியையும் பொய்வலியையும் பிரித்தறிதல். இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் கண்டால் தாமதியாமல் மருத்துவமனை செல்லுதல். உயிர் காக்கும் இவ்வறிவை மார்க்கம் தடுக்கவில்லை. பெண்களே நடத்தும் வகுப்பாயின் மிக்க நலம். வகுப்புக்கு வசதியில்லையேல், கர்ப்பப் பரிசோதனைக்குச் செல்லும்போது செவிலியரிடம் கேட்டறியலாம். கணவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் வலி கண்டால் வண்டிக்கு ஓடுபவர் அவரல்லவா?

பயிற்சி பெற்றவருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அது அவர் குறையன்று. இயன்றதைச் செய்து, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். நம் பெண்மக்களுக்கு அவன் சுகப்பிரசவத்தை அருள்வானாக! ஆமீன்.