புல் வெட்டும் மிஷினும் அதன் பிளேடும்

தேவிகுளம் மலைநாடு. ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. மழையோடு புல்லும் வளரும். தேயிலைக் காட்டின் ஓரம், ஏலக்காட்டின் நடுவு, லயத்துக்குப் போகும் வழி, எங்கும் களைதான். புல் மூடிய வழியில் அட்டை ஏறும். பாம்பு கிடந்தாலும் தெரியாது.

முன்பு அரிவாளும் மண்வெட்டியும்தான் களைக்கு எதிரி. பிறகு மருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் கேரள அரசு கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை விற்கத் தடை போட்டது. மருந்து வேண்டாம் என்றால் களையை வெட்டத்தான் வேண்டும். அதனால் தோளில் மாட்டி வெட்டும் மிஷினைப் பலர் வாங்குகிறார்கள். குழுவாகச் சேர்ந்து கடன் எடுத்தும் வாங்குகிறார்கள்.

மிஷின் நல்லபடி ஓடினால் கூலி வரும். கடன் அடையும். பிளேடு கோளாறு செய்தால் மிஷின் மூலையில் கிடக்கும். கவனக்குறைவாகத் தொட்டால் விரலும் போகும், காலும் போகும். ஆகவே பிளேடைப் பற்றிப் படிப்போம், வாருங்கள்.

முதல் விதி

பிளேடைத் தொடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

1. மிஷினை நிறுத்துங்கள்.
2. பிளேடு முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள்.
3. பிளக்கின் தொப்பியைக் கழற்றி விடுங்கள்.

மிஷினை அணைத்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுற்றும். அவசரப்படாதீர்கள். பிளக் தொப்பி கழன்றிருந்தால் தவறிக்கூட இன்ஜின் ஓடாது. கையில் கனத்த உறை போட்ட பிறகே பிளேடைப் பிடியுங்கள்.

பிளேடு எப்படிச் சுற்றுகிறது?

ஒரு முனையில் இன்ஜின் இருக்கிறது. மறு முனையில் பிளேடு இருக்கிறது. நடுவில் நீளமான குழாய். குழாய்க்குள் ஒரு கம்பி சுற்றுகிறது. குழாயின் நுனியில் சிறிய கியர் பெட்டி. அது சுற்றலைத் திருப்பிப் பிளேடுக்குக் கொடுக்கிறது.

இன்ஜினை ஒட்டி கிளச் இருக்கிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிளச் பிடிக்காது. பிளேடு சும்மா நிற்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கிளச் பிடிக்கும். பிளேடு சுற்றும்.

பிளேடுக்கு மேலே ஒரு வட்டு, கீழே ஒரு வட்டு. இரண்டும் பிளேடை நடுவில் வைத்துப் பிடிக்கின்றன. அதற்கும் கீழே ஒரு கிண்ணம். கடைசியில் நட்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

நட்டு எந்தப் பக்கம் திரும்பும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண நட்டை இடப்பக்கம் திருப்பினால் கழலும். இந்த மிஷின்கள் பெரும்பாலானவற்றில் அது தலைகீழ். நட்டைப் பார்த்து நின்று, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? பிளேடு சுற்றும் திசைக்கு ஏற்ப வைத்தார்கள். வெட்டும்போது புல் தடுக்கத் தடுக்க நட்டு இறுகும். தானாகக் கழலாது.

இது தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். மேல் வட்டில் ஒரு துளை உண்டு. கியர் பெட்டியிலும் ஒரு துளை உண்டு. இரண்டையும் நேராக வைத்து, மிஷினோடு வந்த கம்பியைச் செருகுங்கள். பிளேடு அசையாது. பிறகு ஸ்பேனரைப் போடுங்கள்.

அக்காவும் மெக்கானிக் தம்பியும்

ஒரு குடும்பஸ்ரீ குழுவின் அக்கா மிஷினைக் கடைக்குக் கொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

"தம்பி, மிஷின் வாங்கிப் பத்து நாள்தான் ஆச்சு. பிடிச்சா கை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. ராத்திரி விரல் மரத்துப் போகுது."

"வாங்கும்போதே ஆடுச்சா அக்கா?"

"இல்லை. பழைய பிளேடு ஒண்ணு கிடந்துச்சு. அதை மாட்டினதிலிருந்துதான்."

தம்பி பிளேடைக் கழற்றினார். நடுத்துளையை அளந்தார்.

"இதோ பாருங்க அக்கா. இந்தப் பிளேடுக்குத் துளை 25.4 மில்லிமீட்டர். உங்க மிஷின் வட்டு 20 மில்லிமீட்டர். துளை பெரிசு, வட்டு சின்னது. பிளேடு நடுவில் உட்காராம ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கு. அதான் ஆடுது."

"நட்டை நல்லா இறுக்கினா போதும்னு நினைச்சோம்."

"இறுக்கினாலும் நடுவுக்கு வராது அக்கா. அளவு பார்த்துத்தான் வாங்கணும். பிளேடிலேயே எண் போட்டிருக்கும். படிச்சுப் பாருங்க."

எண் படிக்கத் தெரிந்தால் எவ்வளவு நன்மை, பார்த்தீர்களா?

கோளாறும் காரணமும்

1. பிளேடு ஆடுகிறது

துளை அளவு தவறாக இருக்கலாம். பிளேடு வளைந்திருக்கலாம். வட்டுக்கு நடுவில் மண்ணோ புல்லோ சிக்கியிருக்கலாம். ஒரு பல்லை அதிகம் தீட்டி, இன்னொன்றைக் குறைவாகத் தீட்டியிருக்கலாம். நட்டு தளர்ந்திருக்கலாம்.

சோதிப்பது எளிது. சுவரில் ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டுங்கள். மெதுவாகத் திருப்பி விடுங்கள். எப்போதும் ஒரே பல் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். அந்தப் பல்லை அரத்தால் கொஞ்சம் தேயுங்கள். வளைந்த பிளேடைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தாதீர்கள். புதிது மாற்றுங்கள்.

2. நட்டு அடிக்கடி தளர்கிறது

சில நட்டுகளின் உள்ளே நைலான் வளையம் இருக்கும். அதுதான் நட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பலமுறை கழற்றி மாட்டினால் வளையம் தேயும். நட்டு கையாலேயே கடைசிவரை எளிதாகச் சுற்றினால் அது தேய்ந்துவிட்டது. நட்டின் விலை குறைவு. காலின் விலை? உடனே மாற்றுங்கள். சில மிஷின்களில் நட்டுக்கு ஒரு பின் உண்டு. அதைப் போட மறக்காதீர்கள்.

3. இன்ஜின் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை

புது மிஷின் இரண்டு துண்டாக வரும். வீட்டில் பூட்டும்போது குழாய் முழுவதும் உள்ளே போகாமல் இருக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் கம்பி கியரில் சேராது. போல்ட்டைத் தளர்த்தி, முழுவதும் தள்ளி, மறுபடி இறுக்குங்கள். அப்படியும் சுற்றவில்லை என்றால் கிளச் தேய்ந்திருக்கலாம். கியரின் பல் உடைந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

4. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் பிளேடு சுற்றுகிறது

இது ஆபத்து. நீங்கள் நடக்கும்போதும் பிளேடு சுற்றிக்கொண்டே வரும். இன்ஜினின் மெது ஓட்டம் அதிகமாக இருக்கலாம். கார்புரேட்டர் பக்கம் அதற்கு ஒரு திருகு உண்டு. புத்தகத்தின் படத்தைப் பார்த்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளச்சின் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். சரி செய்யும்வரை வேலைக்கு எடுக்காதீர்கள்.

5. புல் வெட்டுப்படவில்லை, சுற்றிக்கொள்கிறது

பல் மழுங்கியிருக்கலாம். பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கலாம். பிளேடின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். கியர் பெட்டியிலோ காப்புத் தகட்டிலோ இன்னோர் அம்புக்குறி இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் காட்ட வேண்டும். தீட்டும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒன்றுக்குப் பத்து என்றால் எல்லாவற்றுக்கும் பத்து.

6. கியர் பெட்டி கொதிக்கிறது

உள்ளே கிரீஸ் இல்லை. பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றி கிரீஸ் போடுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று புத்தகத்தில் இருக்கும். பல மிஷின்களுக்குச் சுமார் 25 மணி நேர வேலைக்கு ஒரு முறை. வேலை செய்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

பிளேடு பேசும்

வாரம் ஒரு முறை பிளேடைக் கழற்றிக் கழுவுங்கள். கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டுங்கள். மணி போலக் கணீர் என்று கேட்டால் நல்லது. செத்த ஓசை கேட்டால் விரிசல் இருக்கலாம். பல்லின் அடியையும் நடுத்துளையின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். அங்கேதான் விரிசல் தொடங்கும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் செய்யாதீர்கள். அது சுற்றும்போது உடைந்தால் துண்டு குண்டு போலப் பாயும்.

பிளேடு ஒரு கடிகாரம்

மிஷினைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிளேடைக் கடிகாரமாக நினையுங்கள். உங்களுக்கு நேர் எதிரே 12. இடப்பக்கம் 9. வலப்பக்கம் 3. பெரும்பாலான மிஷின்களில், மேலிருந்து பார்த்தால் பிளேடு கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும்.

வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வீசி வெட்டுங்கள். பிளேடின் இடப்பகுதி, அதாவது 9 மணிப் பக்கம், வெட்டட்டும். 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதி கல்லிலோ கட்டையிலோ பட்டால் மிஷின் துள்ளி எதிர்க்கும். ஆளையே தள்ளிவிடும். மலைச்சரிவில் தள்ளினால் எங்கே போய் விழுவோம்?

சரிவில் மேலும் கீழுமாக நடந்து வெட்டாதீர்கள். குறுக்காக நடந்து வெட்டுங்கள். 15 மீட்டருக்குள், அதாவது சுமார் 50 அடிக்குள், யாரும் நிற்கக் கூடாது. குழந்தையும் வேண்டாம், கொழுந்து எடுப்பவரும் வேண்டாம். கண்ணாடியும் பூட்ஸும் போடுங்கள். காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள்.

எந்த இடத்துக்கு எது?

மூன்று பல் பிளேடு உயரமான புல்லுக்கும் இளம் புதருக்கும் நல்லது. உண்ணிச்செடி போலத் தண்டு முற்றிய செடிக்கு ரம்பம் போன்ற பல பல் பிளேடு வேண்டும். கல் நிறைந்த இடத்துக்கும் வீட்டு ஓரத்துக்கும் நைலான் நரம்பு போதும்.

நைலான் நரம்பின் கதை சுவையானது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் கார் கழுவும் இடத்தில் நின்றார். சுற்றும் தூரிகை காரைக் கீறாமல் அழுக்கை எடுத்தது. அதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுற்றவிட்டார். புல் வெட்டுப்பட்டது! அப்படிப் பிறந்ததுதான் இந்த முறை.

தேயிலைச் செடியின் அடித்தண்டில் பிளேடு பட்டால் பட்டை உரியும். அந்தக் காயத்தின் வழியே நோய் நுழையும். ஏலச்செடியின் பல ரகங்களில் சரம் தூரை ஒட்டித் தரையில் கிடக்கும். அந்தச் சரத்தில்தான் பூவும் காயும். ஆகவே செடியின் தூரில் கையால் களை எடுங்கள். நடு இடத்தில் மட்டும் மிஷின் ஓட்டுங்கள்.

சின்ன டிராக்டர் வைத்திருப்பவருக்கு

சமமான நிலத்தில் சிலர் சின்ன டிராக்டரின் பின்னால் வெட்டும் கருவியைப் பூட்டுகிறார்கள். அதன் சுற்றும் தண்டில் சிறிய போல்ட் ஒன்று இருக்கும். பிளேடு கல்லில் மோதினால் அந்தப் போல்ட் முதலில் உடையும். கியர் பிழைக்கும். "போல்ட் உடைந்துகொண்டே இருக்கிறதே" என்று கெட்டியான போல்ட் போடாதீர்கள். அப்புறம் கியர் உடையும். புத்தகத்தில் சொன்ன போல்ட்டையே போடுங்கள். கருவியின் அடியில் கை விடும் முன் டிராக்டரை அணைத்துச் சாவியை எடுங்கள். தூக்கிய கருவிக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள்.

ரசீதும் புத்தகமும்

வாங்கும்போது ரசீது கேளுங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினோடு வரும் புத்தகம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். படத்தையும் எண்ணையும் எல்லோரும் படிக்கலாம். மற்றதைத் தெரிந்தவரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் நீங்களே இன்ஜினைப் பிரிக்காதீர்கள்.

கேரளத்தில் பஞ்சாயத்து தோறும் கிருஷி பவன் இருக்கிறது. மானியம் பற்றியும் பயிற்சி பற்றியும் அங்கே கேளுங்கள். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்யலாம்.

நினைவில் வைப்போம்

நிறுத்து, பொறு, பிளக்கைக் கழற்று.
அம்புக்குறி பார்த்து மாட்டு.
அளவு பார்த்து வாங்கு.
விரிசல் கண்டால் வீசிவிடு.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் மிஷினால் யாருக்காவது காயம் பட்டதுண்டா? அதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?
2. குழுவுக்கு ஒரே மிஷின். பிளேடைச் சோதிக்கும் பொறுப்பு யாருக்கு? முறை வைத்துக் கொள்ளலாமா?

கணக்குப் போடுவோம்

1. 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் போட வேண்டும். தினமும் 5 மணி நேரம் வேலை. எத்தனை நாளைக்கு ஒரு முறை கிரீஸ் போட வேண்டும்?
2. ஒரு மிஷினுக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலக்கச் சொல்லியிருக்கிறது. 1 லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில்?

விடை: 1. ஐந்து நாள். 2. 40 மில்லி.