பத்து பைசா சொல்லிக் கொடுத்த பாடம்

நாம லேப்ல பைத்தான் படிக்கிறோம். கணினி மொழிகளில் தாத்தா, பாட்டி யார் தெரியுமா? ஃபோர்ட்ரானும் கோபாலும். (நம்ம வகுப்பு கோபால் இல்லீங்க!)

ஃபோர்ட்ரான் 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் குழுவினர் வெளியிட்டது. அறிவியல் கணக்குகளுக்கு ஏற்றது. கோபால் பிறந்தது 1959-இல். சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கானது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் உருவாக்கிய ஃப்ளோமேட்டிக் மொழிதான் அதற்கு முன்னோடி. இரண்டும் ஓடியது அறையையே அடைத்துக்கொள்ளும் மெயின்பிரேம் கணினிகளில்.

அப்போ எப்படி எழுதினாங்க?

துளையிட்ட அட்டைகளில்! ஓர் அட்டைக்கு 80 கட்டம். கோபாலில் முதல் 6 கட்டம் வரிசை எண்ணுக்கு. 8-ஆம் கட்டத்திலிருந்து 72 வரைதான் நிரல். அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கணும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால பேப்பரில் பத்து தடவை சரிபார்த்த பிறகுதான் அட்டையைக் கொடுப்பார்களாம்.

1975-இல் ஆல்டேர் 8800, 1981-இல் ஐ.பி.எம். பி.சி. என்று சின்னக் கணினிகள் வந்தன. பேசிக், பாஸ்கல், சி ஆகிய மொழிகள் மேசைக்கே வந்துவிட்டன. கோபாலில் 'ஆட் வட்டி டு அசல் கிவிங் மொத்தம்' என்று வாக்கியமாக எழுதியதை, சி மொழியில் 'மொத்தம் = அசல் + வட்டி;' என்று முடித்துவிடலாம். சுலபம்தானே? இங்கேதான் எங்க பெரியப்பா மாட்டிக்கிட்டார்.

டேலி ஆகாத கணக்கு

பெரியப்பா பல வருஷம் கோபால் எழுதியவர். அலுவலகம் பி.சி.க்கு மாறியதும் சி கற்றுக்கொண்டு, பழைய கணக்கு நிரலை அதில் திருப்பி எழுதினார். எழுத்துப்பிழை இல்லை. நிரல் ஓடியது. ஆனா கணக்கு டேலி ஆகவே இல்லை! மூணு ராத்திரி தூக்கம் இல்லை. "எனக்கு வயசாயிடுச்சு, புது மொழி நமக்கு வராது" என்று வேலையை விடக்கூட நினைத்தாராம்.

நாலாம் நாள் ஒரு சின்னச் சோதனை செய்தார். பத்து பைசாவைப் பத்து தடவை கூட்டினார். ஒரு ரூபாய் வரணும். வந்ததோ 0.9999999999999999!

ஏன் இப்படி?

1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகும் அல்லவா? அதேபோல 0.1 என்ற எண், 0, 1 மட்டுமே உள்ள இரும எண் முறையில் முடிவில்லாமல் நீளும். கணினி ஓர் இடத்தில் வெட்டிவிடும். வெட்டின துண்டுதான் பிழை.

கோபாலில் 'பிக் 9(5)வி99' என்று எழுதினால், புள்ளிக்கு முன் 5 இலக்கம், பின் 2 இலக்கம் என்று அர்த்தம். மெயின்பிரேம் ஒவ்வொரு இலக்கத்தையும் தனியாக வைத்து, நம்மைப் போலவே பத்தடிமானத்தில் கூட்டும். பைசா நழுவாது. சி மொழியின் 'டபுள்' வகை அப்படி இல்லை.

பெரியப்பா என்ன செய்தார்? எல்லாத் தொகையையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்தார். கணக்கு டேலி! ஜாவாவில் இதற்கு 'பிக் டெசிமல்', பைத்தானில் 'டெசிமல்' இருக்கின்றன.

நீங்களும் செய்து பாருங்க!

பைத்தானில் 0.1 + 0.2 == 0.3 என்று தட்டி எண்டர் அழுத்துங்க. 'ட்ரூ' வராது, 'பால்ஸ்' வரும்!

பழசு என்று தள்ளலாமா?

2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று கேட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக் கணினிகள் அந்தப் பழைய மொழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

புது மொழிக்குப் போகும்போது வார்த்தையை மட்டும் மாற்றினால் போதாது. அந்த மொழி எண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதையும் கேட்கணும். "மொழி மாறலாம்டா, சரிபார்க்கிற பழக்கம் மாறக்கூடாது" என்பார் பெரியப்பா. பத்து தடவை பேப்பரில் பார்த்த அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது.

அடுத்த லேப் வகுப்பில் நாமும் ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பார்த்துட்டு தட்டலாமா?

– 12-ஆம் வகுப்பு மாணவி