உவர்நீரில் வீசும் ரீலுக்குப் பேரிங் பராமரிப்பு

மட்டக்களப்பு வாவித் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பாலமீன்மடு முகத்துவாரப் பக்கம் கடல் கலந்து கரிக்கும். மாரிவெள்ளம் இறங்கினால் அதே இடத்தில் உப்புக் குறைந்துவிடும். கொடுவா இரண்டிலும் வாழப் பழகிய மீன். பெய்ட்காஸ்டிங் ரீலின் பேரிங்குக்கு அந்தத் திறன் கிடையாது. உன்னிச்சைக் குளத்தில் விராலுக்கு வீசும் ரீலை நெடுநாள் கழற்றாமல் வைத்திருக்கலாம். முகத்துவாரத்திலும் கல்லடிப் பாலத்தடியிலும் வீசுகிற ரீலை அப்படி விடக்கூடாது. இங்கே பேரிங்குகள் தேய்ந்து கெடுவதைவிட உப்பேறிக் கெடுவதே அதிகம்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். பக்கத்திலுள்ள இறுக்கக் குமிழைத் தளர்த்தி, பொத்தானை அமர்த்தி, ஸ்பூலைப் பெருவிரலால் சுண்டிவிடுங்கள். கரகரவென்று சத்தமிட்டுச் சட்டென நின்றால் ஸ்பூல் பேரிங்கில் பழுது. ஸ்பூல் நன்றாகச் சுழன்று, கைபிடியைச் சுற்றும்போது மட்டும் நெருடினால் பல்சக்கரத்தையோ கைபிடிப் பேரிங்கையோ பார்க்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் ஸ்பூல் பேரிங்கை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் பலர்.

காற்றில்லாத இடத்தில், ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் கைபேசியில் படம் எடுங்கள். பெரும்பாலான ரீல்களில் ஒரு பேரிங் பக்கமூடிக்குள்ளும் இன்னொன்று இறுக்கக் குமிழுக்குள்ளும் இருக்கும். குமிழின் அடியில் சிறு செம்புத் தகடு கிடக்கும், துணியோடு உதறிவிடாதீர்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் தெறித்துப் பறக்கும். கண்ணாடிபோன்ற பொலித்தீன் பைக்குள் கையை விட்டுக் கழற்றினால் அது பைக்குள்ளேயே விழும். சில ரீல்களில் ஸ்பூல் அச்சில் ஊசி செருகிப் பேரிங்கைப் பூட்டியிருப்பார்கள். அதைச் சுத்தியலால் தட்டவே கூடாது. அச்சு வளைந்தால் ஸ்பூலையே மாற்ற வேண்டிவரும். ஊசி கழற்றும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

மூடித்தகடு கழலும் பேரிங் என்றால், அதன் ஓரத்திலுள்ள மெல்லிய வளையத்தை ஊசிமுனையால் நெம்பித் தகட்டை எடுங்கள். மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தலில் அசிட்டோன் ஊற்றி, பேரிங்கைப் போட்டுக் குலுக்குங்கள். திரவம் கலங்கினால் மாற்றி மறுபடி குலுக்குங்கள். திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். ரீலின் பிளாஸ்டிக் பாகங்களில் அசிட்டோன் பட்டால் உருகும். காய்ந்த பேரிங்கைப் பல்குச்சியில் மாட்டி மெதுவாகச் சுழற்றுங்கள். எண்ணெய் இல்லாதபோது கொஞ்சம் சத்தம் வருவது இயல்பு. ஆனால் ஒரே இடத்தில் தடக்கென்று இடறினால் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே துருக்குழி விழுந்திருக்கிறது. எந்த எண்ணெயும் அதை நிரப்பாது.

நல்ல பேரிங்குக்கு ஊசிமுனையில் ஒரு துளி மெல்லிய ரீல் எண்ணெய் போதும். அது இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், வேண்டாம். ஸ்பூல் பேரிங்குக்குக் கிரீஸ் போட்டால் வீச்சுத் தூரம் குறையும். கைபிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைப் பேரிங்கிலும் கிரீஸ் படக்கூடாது. பட்டால் மீன் இழுக்கும் நேரத்தில் கைபிடி வழுக்கும்.

மாற்றுவதென்றால் ரீலின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வேர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்து செல்லுங்கள். 3×10×4 மில்லிமீற்றர் என்றால் கடையில் 623 என்பார்கள். 5×11×4 என்றால் எம்ஆர் 115. துருப்பிடிக்காத உருக்கில் செய்ததையே கேளுங்கள். மோட்டார்களுக்குப் போடும் சாதாரண 623 அளவு பொருந்தினாலும் உவர்நீரில் தாக்குப்பிடிக்காது. செராமிக் பேரிங்குக்கு அதிக விலை கொடுப்பதை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். குண்டுகள்தான் செராமிக், அவை ஓடும் வளையங்கள் பெரும்பாலும் உருக்கு. உப்பு அந்த உருக்கைத்தான் தின்னும். பேரிங்கின் தரத்தைக் குறிக்கும் ஏபெக் எண்ணும் அளவுத் துல்லியத்தைச் சொல்வதே தவிர, துருப்பிடிக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புதியதைப் பொருத்தும்போது வெளிவளையத்தை விரலால் அமுக்குங்கள். உள்வளையத்தை அமுக்கினால் பாரம் குண்டுகள் வழியாக இறங்கி ஓடுபாதையில் தழும்பு விழும்.

முகத்துவாரத்திலிருந்து வந்த அன்றே டிராக்கை இறுக்கி, ரீல்மேல் நன்னீரை மெல்லத் தெளித்துத் துடையுங்கள். குழாயால் பீய்ச்சினால் வெளியே இருந்த உப்பு உள்ளே போய்விடும். வீட்டுக் கிணறு உவர் என்றால் வேறு தண்ணீர் பிடியுங்கள். பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவையுங்கள்.

சுத்தம் செய்த ஸ்பூல் முன்னைவிட வேகமாகச் சுழலும். பழைய பிரேக் அளவில் வீசினால் தங்கூசி குருவிக்கூடாகச் சிக்கிவிடும். முதல் வீச்சுகளுக்குப் பிரேக்கைக் கூட்டி, கண்டல் மரங்களை விட்டு விலகித் திறந்த நீரில் வீசிப் பார்த்து, கொஞ்சங் கொஞ்சமாகக் குறையுங்கள்.