அடக்கத் தகாதனவும் அடக்கத் தக்கனவும்

சரகசங்கிதையின் சூத்திரத்தானத்து 7 ஆம் அத்தியாயம் உடலுக்கும் மனத்துக்கும் உரிய வேகங்களை வகுத்துக் கூறுகின்றது. மலம், சலம், ஏப்பம், தும்மல், பசி, தாகம், நித்திரை முதலிய 13 உடல்வேகங்கள் அடக்கத் தகாதன. பேராசை, துக்கம், அச்சம், கோபம், பொறாமை முதலிய மனவேகங்கள் அடக்கத் தக்கன. சலத்தை அடக்கினாற் சலப்பையில் நோவும் தலைநோவும் உண்டாகும் என்பது அந்நூலின் எச்சரிக்கை. நாமோ கந்தோரிலும் வகுப்பறையிலும் உடல்வேகங்களை அடக்கிக்கொண்டு, கோபத்தையும் கவலையையும் அவற்றின் போக்கிலே விட்டுவிடுகின்றோம்.

உண்டதைச் சமிபாடடையச் செய்வது சாடராக்கினி என்பது ஆயுர்வேதக் கொள்கை. இரைப்பையை மூன்று கூறாகப் பாவித்து, ஒன்றைத் திடவுணவுக்கும் ஒன்றைத் திரவத்துக்கும் அளித்து, எஞ்சியதை வாத பித்த கபங்களின் இயக்கத்துக்கு விடுக என்று விமானத்தானம் விதிக்கும். துக்கம், அச்சம், கோபம், இராவிழிப்பு ஆகியவற்றால் வருந்துவோனுக்கு, அளவறிந்துண்ட நல்லுணவும் சமிபாடடையாது என்றும் அது கூறும். மனக்கலக்கம் நரம்புகளின் வழியாக இரைப்பை, குடல் ஆகியவற்றின் இயக்கத்தை மாற்றும் என்பது இக்கால மருத்துவத்துக்கும் உடன்பாடே. ஆதலின் உண்ணுமிடத்திற் பத்திரிகையும் கைத்தொலைபேசியும் வேண்டா. குத்தரிசிச் சோறு, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், மிளகும் சீரகமும் இட்ட இரசம், மோர் ஆகிய நம் வீட்டுணவே போதும். இராவுணவை உறங்குவதற்கு 2 அல்லது 3 மணித்தியாலம் முன்னரே முடித்தல் நன்று.

இனி, 50 வயதைக் கடந்த பழைய மாணவர் பலர் பேச நாணும் ஒன்றைக் கூறுவாம். சலப்பையின் கீழே, சலவழியைச் சூழ்ந்து, புரொஸ்டேற் என்னுஞ் சுரப்பி உளது. வாலிபப் பருவத்தில் ஏறக்குறைய 20 கிராம் நிறையுள்ள இது, முதுமையிற் பருத்துச் சலவழியை நெருக்கும். சுசுருதசங்கிதை கூறும் 12 வகைச் சலத்தடைகளுள், மலவழிக்கும் சலப்பைக்கும் இடையே எழும் வன்மையான கட்டியும் ஒன்று. அறிஞர் சிலர் அதனைப் புரொஸ்டேற் வீக்கத்தோடு ஒப்பிடுவர். அச்சமும் பரபரப்பும் மிகும்போது சலப்பைக் கழுத்தின் தசைகள் இறுகித் தடையை மிகுவிக்கும், மலச்சிக்கலும் அவ்வாறே. நாடோறும் நடத்தலும், கீரையும் பழமும் உண்ணலும், மாலைக்குப்பின் தேநீர், கோப்பி, மது ஆகியவற்றைத் தவிர்த்தலும் துணைசெய்யும். தடிமனுக்கு உண்ணும் சில குளிசைகள் சலத்தை முற்றாகத் தடுக்கவுங்கூடும். வைத்தியரைக் கேளாது அவற்றை உண்ணற்க.

நெருஞ்சிற் குடிநீரை நம் வைத்தியர் சலக்கடுப்புக்குத் தொன்றுதொட்டு வழங்கி வந்துள்ளனர். ஆயின், அது புரொஸ்டேற் புற்றுநோயை மாற்றும் என்பதற்குச் சான்றில்லை. சலம் மெலிந்து ஒழுகுதலும் இரவிற் பலமுறை எழுதலும் சாதாரண வீக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் பொதுவான குறிகள். தக்க பரிசோதனைகளாலன்றி இரண்டையும் பகுத்தறிதல் இயலாது. சலத்தில் இரத்தங் காணின் தாமதியாது வைத்தியரிடங் காட்டுக. சலம் முற்றாகத் தடைப்படின் அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்க. அடக்கவேண்டிய மனவேகங்களுள் நாணமின்மையையும் சரகசங்கிதை சேர்த்துள்ளது; ஆயின், வைத்தியரிடம் நோயை உள்ளவாறு உரைத்தல் நாணமின்மையாகாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வார்த்தை. பாடவேளையில் வெளியே செல்ல விடைகேட்கும் சிறுவனைத் தடுத்தலாகாது. விடைகேட்க அவனுங் கூசுதலாகாது. உடலின் தேவையைக் கூசாது சொல்லும் பழக்கம் இளமையில் வாய்த்தால், முதுமையில் அது உயிர்காக்கும் துணையாகும்.